சமாதானம் நாடிய மாதரசி மார்கரெட் கசின்ஸ் அம்மையார்

சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ஓடிய ரோகிணி ஆற்றின் நீரைப் பங்கிடுவதில் பிணக்கு மூண்டு, இரு குலத்தாரும் படை திரட்டி எதிர் எதிரே நின்ற வரலாற்றை நம்மவர் யாவரும் அறிவர். பகவன் அவ்விடம் எழுந்தருளி, நீரின் விலை யாது, மனிதக் குருதியின் விலை யாது என்று வினவ, படைகள் நாணிக் கலைந்தன. அதன் பின்னர் நிகழ்ந்ததைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. அப்போரினின்றும் மீண்ட இளைஞர் பலர் துறவு பூண்டனர் என்றும், அவர்தம் மனைவியரே மகாபிரஜாபதி கௌதமியார் தலைமையில் தாமும் துறவு வேண்டி, தலை மழித்து, காலில் செருப்பின்றி வைசாலி வரை நடந்தனர் என்றும் பழைய உரைகள் கூறும். கால்கள் வீங்கி, மேனியெல்லாம் புழுதி படிய, வாயிலிலே கண்ணீருடன் நின்ற கௌதமியாரைக் கண்டு ஆனந்தர் பரிந்து பேசிய பின்னரே பிக்குணி சங்கம் உண்டாயிற்று. ஆகவே போரைத் தவிர்த்த நிகழ்ச்சியும், மாதர் தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சியும் நமது சாசன வரலாற்றில் ஒரே கதையின் இரு பகுதிகளாக அமைந்துள்ளன.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் உழைத்த மாதர் உலகெங்கும் பலர். அவருள் நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே வாழ்ந்து, அம்மண்ணிலேயே கண் மூடிய ஒருவரது வரலாற்றை இங்கே எழுதுவேன். அவர் பிறப்பால் அயர்லாந்து நாட்டவர். பௌத்தர் அல்லர், பிரம்மஞான சபையைச் சார்ந்தவர். அச்சபையிடத்து நம்மவர்க்குள்ள நன்றியும் மனக்குறையும் நான் அறியாதன அல்ல. பண்டிதர் அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்க உதவியவர் அச்சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் என்பதும், சென்னையில் ஏழை மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமைத்தவரும் அவரே என்பதும் ஒரு புறம். அச்சபை பிற்காலத்தில் உயர்ந்தோர் எனப்பட்டவர்களின் கூட்டமாகவே மாறிற்று என்று பண்டிதரே கடிந்துரைத்தது மற்றொரு புறம். இரண்டையும் மனத்திற் கொண்டே மேலே செல்வோம்.

மார்கரெட் எலிசபெத் கில்லெஸ்பி 1878ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிராட்டஸ்டண்டு கிறிஸ்தவக் குடும்பம், உடன்பிறந்தார் பலர், இவரே மூத்தவர். இசையில் தேர்ச்சி பெற்று, டப்ளின் நகரத்து இசைக் கழகத்தில் பயின்று, 1902இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கவிஞர் ஜேம்ஸ் கசின்சை மணந்தார். இருவரும் புலால் உண்ணாத நோன்பினர். அக்காலத்து அயர்லாந்தில் அது நகைப்பிற்கு இடமான வழக்கம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இத்தம்பதிகளின் ஐம்பதாண்டு வாழ்க்கையில் எவர் எவருக்குத் துணை என்று பிரித்துச் சொல்வது அரிது.

1906இல் மாஞ்செஸ்டர் நகரில் கூடிய ஒரு மாதர் மகாநாட்டிற்குச் சென்றதே அவரது பொதுவாழ்வின் தொடக்கம். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற செய்தி அவருக்குப் புதியதன்று. அது மாற்றக்கூடியது என்பதே அவருக்குப் புதியதாய் இருந்தது. 1908இல் தோழி ஹன்னா ஷீஹி ஸ்கெபிங்டன் அம்மையாருடன் சேர்ந்து ஐரிஷ் மாதர் வாக்குரிமைக் கழகத்தைத் தோற்றுவித்தார். மனுக்களும் கூட்டங்களும் பயன் தராதபோது இவர்கள் வேறு வழியை நாடினர். 1910 நவம்பரில் இலண்டன் சென்று அமைச்சர் இல்லங்களின் சன்னற் கண்ணாடிகளை உடைத்த குழுவில் மார்கரெட்டும் இருந்தார். ஹாலோவே சிறையில் ஒரு மாதம் அடைபட்டார். 1913 ஜனவரியில் டப்ளின் அரண்மனைச் சன்னல்களை உடைத்ததற்காக மீண்டும் ஒரு மாதச் சிறை. டல்லமோர் சிறையில் தம்மை அரசியற் கைதியாக நடத்த வேண்டுமென்று உண்ணா நோன்பு மேற்கொண்டு, அவ்வுரிமையைப் பெற்றார்.

சமாதானத் தொண்டர் ஒருவர் கண்ணாடி உடைத்தார் என்பது நம் வாசகர் சிலருக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். எனக்கும் நெடுநாள் அவ்வாறே தோன்றிற்று. அவரும் அவர் தோழியரும் ஓர் எல்லை வகுத்துக் கொண்டிருந்தனர்: அரசின் பொருளுக்குச் சேதம் விளையலாம், எவ்வுயிர்க்கும் ஊறு நேரலாகாது, செய்ததை மறைக்காமல் தண்டனையைத் தாமே ஏற்க வேண்டும் என்பது அது. பின்னாளில் இந்தியாவில் அவர் ஒரு கல்லையும் எறிந்தாரல்லர். ஆயினும் இளமையிற் செய்ததை அவர் மறைக்கவுமில்லை. இதைத் தம்மத்தின் நேர்வழி என்று நான் கூறமாட்டேன். பிறர்க்கு வலி தராமல் தாம் வலியை ஏற்றார் என்ற அளவில் அவரை மதிக்கிறேன்.

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுத் தம்பதிகள் 1915 நவம்பரில் சென்னை சேர்ந்தனர். அவ்வாண்டு ஐரோப்பாவிலே நிகழ்ந்த ஒரு பெருஞ்செயலை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். போர் மூண்டு ஓராண்டும் ஆகவில்லை. எல்லா நாட்டு அரசரும் அமைச்சரும் வெற்றி ஒன்றையே பேசிக்கொண்டிருந்தனர். அப்போது, 1915 ஏப்ரல் 28 முதல் மே 1 வரை, ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பன்னிரண்டு நாடுகளின் மாதர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், ஒரு மண்டபத்தில் கூடினர். ஒருவரையொருவர் கொல்லும் நாடுகளின் பெண்மக்கள் அருகருகே அமர்ந்தனர். அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தலைமை வகித்தார். நடுநிலை நாடுகள் இடைவிடாது சமரசம் பேச வேண்டும், மாதர்க்கு வாக்குரிமை வேண்டும் என்னும் இரண்டையும் ஒரே மூச்சில் தீர்மானித்தனர். பிறகு அவர்களின் தூதுவர் போர் புரியும் நாடுகளின் தலைநகரங்களுக்கே சென்று அமைச்சர்களைக் கண்டனர். பிரிட்டனிலிருந்து செல்ல விரும்பியவர் நூற்றுக்கும் மேற்பட்டோர். வடகடலில் கப்பற் போக்குவரத்தை அரசு நிறுத்திவிட்டதால் அவர்கள் செல்ல இயலவில்லை. அயர்லாந்து மாதர்க்கும் அதே கதி. வேறு வழியாக முன்பே வெளியே சென்றிருந்த மூவர் மட்டுமே பிரிட்டன் சார்பில் அம்மண்டபத்தை அடைந்தனர். இக்கூட்டத்திலிருந்து பிறந்ததே, 1919இல் ஸூரிக் நகரில் பெயர் சூட்டப்பெற்ற, சமாதானத்திற்கும் சுதந்திரத்திற்குமான சர்வதேச மாதர் கழகம். ஜேன் ஆடம்ஸ் 1931இலும், அவருடன் உழைத்த எமிலி பால்ச் 1946இலும் நோபல் சமாதானப் பரிசு பெற்றனர்.

சென்னையில் ஜேம்ஸ் கசின்ஸ், அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா நாளிதழில் பணியாற்றினார். 1916 ஏப்ரலில் டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. அக்கிளர்ச்சியாளரைப் போற்றி அவர் எழுதிய கட்டுரையால் இதழுக்கு இடர் நேருமென அஞ்சி, அவரைப் பணியினின்று விலக்க நேர்ந்தது. மார்கரெட்டின் உள்ளத்தைத் தாக்கிய செய்தி அதனினும் கொடிது. தோழி ஹன்னாவின் கணவர் பிரான்சிஸ் ஸ்கெபிங்டன் போரை வெறுத்தவர். எந்த ஆயுதத்தையும் தொடாதவர். கிளர்ச்சியின்போது நகரில் நடந்த கொள்ளையைத் தடுக்கத் தொண்டர் படை திரட்ட முயன்று தெருவில் நடந்தவரை ஆங்கிலப் படையினர் பிடித்து, மறுநாள் விசாரணை ஏதுமின்றிச் சுட்டுக் கொன்றனர். அவரும் ஜேம்சும் 1912இல் ஒன்றாக இதழ் நடத்தியவர்கள். அவ்விரு குடும்பங்களும் ஒரு குடும்பம் போல் பழகியவை. ஆயுதம் ஏந்திய அரசு, ஆயுதம் ஏந்தாதவனைக் கொன்றது. அடிமை நாட்டில் சமாதானம் என்று சொல்லப்படுவது எத்தகையது என்பதை அம்மையார் நூல்களிலிருந்து கற்கவில்லை என்பதற்காகவே இதை விரித்தேன்.

இருவரும் மதனப்பள்ளி சென்றனர். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர், அந்நாளில் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்குள்ள கல்லூரியில் ஜேம்ஸ் தலைமை ஏற்றார். மார்கரெட் ஆங்கிலமும் இசையும் கற்பித்தார். 1919 பிப்ரவரியில் இரவீந்திரநாதத் தாகூர் அங்கே தங்கியபோது, பின்னர் நாட்டுப் பண்ணான ஜன கண மனவின் இசையை மேனாட்டு முறையில் குறிப்பெழுதி வைத்தவர் அம்மையாரே.

1917 மே 8ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அன்னி பெசன்ட் தலைவர். அமைப்பின் உயிராய் உழைத்தவர் மார்கரெட்டும் டாரதி ஜினராஜதாசரும். இந்த டாரதி ஆங்கிலேயப் பெண்மணி. அவர் கணவர் ஜினராஜதாசர் இலங்கையில் சிங்கள பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் வாசகர் அறிந்திருத்தல் நன்று. சங்கத்தின் இதழாகிய ஸ்திரீ தர்மம் ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்குப் பகுதிகளையும் தாங்கி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் இந்திய மந்திரி மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி தேவியார் முன்னிற்க மாதர் குழு ஒன்று அவரைக் கண்டு வாக்குரிமை கேட்டது. அம்மையார் முதலில் கல்வியைப் பற்றிப் பேசவே நேரம் கேட்டிருந்தார். அரசியற் பொருளாயின் மட்டுமே நேரம் தரப்படும் என்று அதிகாரிகள் கூறவே, அப்படியானால் வாக்குரிமையையே கேட்போம் என்று முடிவு செய்தனர். ஓர் அலுவலகக் குறிப்பால் ஒரு வரலாறு திரும்பிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1921இல் மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்களித்தது. சொத்தும் வரியும் உடைய பெண்களுக்கு மட்டுமே அவ்வுரிமை கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேரிப் பெண் அவ்வெல்லைக்கு அப்பால் நின்றாள்.

1922இல் அம்மையார் இந்தியாவின் முதற் பெண் மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப் பெற்றார். இரு முறை குற்றவாளிக் கூண்டில் நின்றவர் நீதிபதி இருக்கையில் அமர்ந்தார். ஆசியப் பெண்களின் விழிப்பைப் பற்றி ஒரு நூலும் அவ்வாண்டு வெளியிட்டார். 1926இல் கமலாதேவி சட்டோபாத்தியாயரைத் தேர்தலில் நிற்குமாறு தூண்டினார். சொற்ப வாக்குகளில் அவர் தோற்றார். அவ்வாண்டே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் இந்திய மாதரின் சார்பில் பாரிஸ் நகரத்துச் சர்வதேச மாதர் மகாநாட்டிற்குச் சென்றார்; திரும்பியபின் சென்னைச் சட்டசபையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவருமானார். புதுக்கோட்டையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் உலக அரங்கில் தன் நாட்டுப் பெண்களுக்காகப் பேசியது அன்றைய சூழலில் சிறிய காரியமன்று.

வங்காளத்துக் கல்வி இயக்குநர் ஒருவர், பெண்களுக்கு எவ்விதக் கல்வி வேண்டுமென்பதைப் பெண்களே ஒருமித்துச் சொல்லட்டும் என்று பேசியிருந்தார். அதைப் பற்றிக்கொண்ட அம்மையார், நாடெங்கும் உள்ள மாதர்க்குத் தாமே கடிதங்கள் எழுதினார். ஊர்தோறும் சிறு மகாநாடுகள் கூடின. 1927 ஜனவரியில் புனாவில் அகில இந்திய மாதர் மகாநாடு முதன்முதல் கூடியது. குழந்தை மணத் தடைக்காகவும், 1932இல் டில்லியில் எழுந்த லேடி இர்வின் கல்லூரிக்காகவும் உழைத்த அமைப்பு இதுவே.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவேன்.

1928இல் பசிபிக் கடல் சூழ்ந்த நாடுகளின் மாதர் ஹொனலூலுவில் ஒரு மகாநாடு நடத்தினர். ஆசியப் பெண்கள் தமக்கென ஒன்று கூடாதது ஏன் என்று அம்மையார் வினவினார். பர்மாவிலிருந்து பாரசீகம் வரை, இலங்கையிலிருந்து ஜப்பான் வரை, ஒருவரையொருவர் அறியாமலே இருந்தனர். ஒரு நாட்டுப் பெண் அடுத்த நாட்டுப் பெண்ணைப் பற்றி அறிய இலண்டன் வழியே சுற்ற வேண்டியிருந்தது. இந்தியப் பெண் தலைவர்களின் கையொப்பத்துடன் அழைப்பு சென்றது. 1931 ஜனவரி 19 முதல் 25 வரை லாகூர் நகரில் அகில ஆசிய மாதர் மகாநாடு கூடிற்று.

அதற்குச் சற்று முன் அதே நகரில் கூடிய அகில இந்திய மாதர் மகாநாட்டிற்குத் தலைவர் முத்துலட்சுமி ரெட்டியார். ஆசிய மகாநாட்டிற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சரோஜினி தேவியாரோ உப்புச் சத்தியாக்கிரகத்தின் காரணமாகச் சிறையில் இருந்தார். எனவே வெவ்வேறு நாட்டு மாதர் நாளுக்கு ஒருவராகத் தலைமை வகித்தனர். இலங்கை, பர்மா, ஜப்பான், பாரசீகம், ஆப்கானிஸ்தானம் ஆகியவற்றிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். எதிர்பார்த்த அளவு வந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஆசிய மாதரிடையே ஒற்றுமை உணர்வை வளர்த்தல், கீழ்நாட்டுப் பண்பாட்டின் நலன்களைக் காத்தல், அதன் குறைகளை நாடித் திருத்துதல், மேல்நாட்டிலிருந்து ஏற்பனவற்றைப் பகுத்தேற்றல், தத்தம் நாட்டுப் பெண்களின் நிலையை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து வலிமை பெறுதல், உலக சமாதானத்தை எய்துதல் என ஆறு நோக்கங்களை அது வகுத்தது. கட்டாய இலவசக் கல்வி, குழந்தைகளையும் பெண்களையும் விற்கும் வாணிகத்தை ஒழித்தல், சமத்துவ உரிமை, ஆசிய நாடுகளின் தன்னாட்சி ஆகியன அங்கே பேசப்பட்டன.

தன்னாட்சியும் சமாதானமும் ஒரே பட்டியலில் நிற்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஐரோப்பிய மாதருள் பலர் சமாதானம் என்றபோது, ஐரோப்பிய வல்லரசுகள் தம்முள் போரிடாமையையே கருதினர். 1932இல் ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பு மகாநாடு தொடங்கியபோது உலகத்து மாதர் இலட்சக்கணக்கான கையொப்பங்களைச் சுமந்து சென்று அதன் முன் வைத்தனர். அது போற்றத்தக்க பணியே. ஆயினும் படையால் ஆளப்படும் நாட்டில் துப்பாக்கி வெடிக்காத நாளைச் சமாதானம் என்று அழைக்கலாமா? அயர்லாந்தில் பிறந்து, நண்பரைப் பறிகொடுத்து, இந்தியாவில் வாழ்ந்த பெண்மணி ஒருவரே இக்கேள்வியை இரு தரப்பார்க்கும் எடுத்துச் சொல்லத் தக்கவராய் இருந்தார்.

இக்கேள்வியை நாம் மேலும் ஒரு படி கொண்டு செல்லலாம். சாதியால் ஒடுக்கப்பட்ட தெருவில் சண்டை இல்லாத நாளைச் சமாதானம் என்று அழைக்கலாமா? அம்மையாரின் சங்கத்திலும் மகாநாடுகளிலும் முன் வரிசையில் அமர்ந்தவர் அரசகுலப் பெண்களும், கற்றோர் இல்லத்துப் பெண்களும், மேற்சாதியினருமே. தீண்டாமையைக் கண்டித்துப் பேசினர். ஆனால் தீண்டாதார் எனப்பட்ட பெண்கள் தாமே பேச அங்கு இடம் மிகக் குறைவு. இக்குறையை அவர் பெயரைக் காப்பதற்காக மறைப்பது முறையன்று. நம் பெண்கள் தமக்கென மேடை அமைக்கவே நேர்ந்தது. 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் பேசிய நாகபுரிப் பெண்கள் மகாநாட்டிற்குச் சுலோசனாபாய் டோங்கரே தலைமை வகித்தார். 1944இல் சென்னையில் கூடிய பட்டியல் வகுப்பு மாதர் மகாநாட்டில் அன்னை மீனாம்பாள் சிவராஜ் தலைமை வகித்தார். வைசாலி வாயிலில் நின்ற கௌதமியாரை நாம் நினைக்கும்போது, இம்மாதரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

லாகூரில் கூடியோர் கலையும்போது, மறுமுறை கூடுவதற்கு ஒரு நிலைக்குழு அமைத்துச் சென்றனர். அப்படி ஒரு மகாநாடு மீண்டும் கூடவே இல்லை. அதே 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவிற் புகுந்தது. லாகூரில் அருகருகே அமர்ந்த ஆசியப் பெண்களின் நாடுகள், பின்னாளில் ஒன்றையொன்று அழிக்கும் களங்களாயின.

இதை நான் எழுதுவது அந்தமானின் சிப்பிகாட்டிலிருந்து. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே புகுந்த ஊர் இது. வயலாய் இருந்த இடங்கள் பல இன்று உப்பு நீர்நிலைகளாய்க் கிடக்கின்றன, நீர்ப்பறவைகள் வந்து இறங்குகின்றன. இயற்கையின் அழிவை நம்மவர் நேரிற் கண்டோம். மனிதர் செய்த அழிவை இத்தீவின் முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். 1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ளது. மூன்றரை ஆண்டு அப்படையின் ஆட்சி நடந்தது. ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் பலர் வதைக்கப்பட்டனர். 1944 ஜனவரி 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சு என்னுமிடத்தில் 44 பேரைச் சுட்டுக் கொன்றனர். கொன்றவர் நாட்டிலும் பகவனுக்கு விகாரங்கள் உண்டு. அவர் நாட்டுத் துறவியருள் சிலர் அப்போரை வாழ்த்தியும் இருந்தனர். பௌத்தர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம் இதைக் கண்டும் காணாதவர் போல் செல்லலாகாது. தம்மத்தின் பெயர் தாங்கிய நாடே கொலைத் தொழிலுக்குப் புறப்படக்கூடும் என்றால், பெயர் எதையும் காப்பதில்லை. அதே ஜப்பானில், இளமையில் தியானப் பயிற்சி பெற்று, 1911இல் மாதர் இதழ் ஒன்றைத் தொடங்கிய ஹிரட்சுகா ராய்ச்சோ அம்மையார், போர் முடிந்தபின் தம் இறுதிநாள் வரை, 1971 வரை, மீண்டும் ஆயுதம் ஏந்தாத ஜப்பானுக்காக உழைத்தார் என்பதையும் உடன் சொல்வது நீதி.

மார்கரெட் அம்மையாரின் வரலாற்றிற்கு மீள்வோம். 1932இல் ஆங்கில அரசு அவசரச் சட்டங்களால் பேச்சுரிமையையும் கூட்ட உரிமையையும் பறித்தது. அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. வெள்ளை நிறத்தவர், மாஜிஸ்திரேட்டாய் இருந்தவர், வாய் மூடி இருந்திருப்பின் எவரும் குறை கூறியிரார். அவர் சென்னையில் பொதுக்கூட்டத்தில் அச்சட்டங்களைக் கண்டித்துப் பேசினார். இனிப் பேசுவதில்லை என்று பிணை எழுதித் தந்தால் விடுவதாகக் கூறினர். மறுத்தார். ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர் மாதர் சிறை புகுந்தார்.

மணிமேகலை நூலில், சிறைக்கோட்டத்தைக் கண்ட மணிமேகலை, அங்கே பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியால் உணவளித்து, பின் அரசனிடம் அச்சிறையையே அறக்கோட்டமாக்கித் தருமாறு வரம் கேட்டாள் என்று சாத்தனார் பாடியுள்ளார். வேலூர்ச் சிறை அறக்கோட்டமாகவில்லை. எனினும் அந்நாளில் அச்சிறை, நாட்டு விடுதலைக்காகப் போராடிய தமிழ்ப் பெண்கள் பலரைத் தாங்கியிருந்தது. அவர்களிடையே அயல்நாட்டில் பிறந்த மூதாட்டி ஒருவர் தாமாகவே வந்து சேர்ந்தது அப்பெண்களுக்கு எத்துணைத் துணிவூட்டியிருக்கும் என்பதை நாமே உணரலாம். அவர் வேலூரில் இருந்த அதே காலத்தில், 1933 மே மாதத்தில், இத்தீவின் செல்லுலார் சிறையில் உண்ணா நோன்பிருந்த கைதிகளுக்கு வலிந்து உணவூட்டியதால் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா என்னும் மூவர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது, இருபது ஆண்டுகளுக்கு முன் டல்லமோரில் அம்மையார் கேட்டதைப் போன்றதே: கைதியும் மனிதன் என்னும் மதிப்பு. அவருக்கு அது கிடைத்தது. அம்மூவருக்கு உயிரோடு கிடைக்கவில்லை.

1936 டிசம்பரில் அகமதாபாத்தில் கூடிய அகில இந்திய மாதர் மகாநாடு அவரைத் தலைவராக்கிற்று. அதன்பின் அவர் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தார். இந்தியப் பெண்கள் தம் அமைப்பைத் தாமே நடத்த வேண்டும், அயல்நாட்டார் வழிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் நட்ட மரத்தின் நிழலில் தாமே கட்டில் போட்டு அமரும் தலைவர்களைக் கண்டு பழகிய நமக்கு இது அரிய பண்பாகவே தோன்றுகிறது. இந்தியப் பெண்மையின் அன்றைய நிலை குறித்து 1941இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1943இல் பக்கவாதம் அவரை வீழ்த்திற்று. இசைக் கருவியில் ஓடிப் பழகிய கை இயங்க மறுத்தது. எஞ்சிய பத்தாண்டுகளைப் படுக்கையிலும் நாற்காலியிலும் கழித்தார். இரண்டாம் உலகப் போரின் முடிவையும், அணுகுண்டால் அழிந்த ஜப்பானிய நகரங்களின் செய்தியையும், இந்திய விடுதலையையும், பிரிவினைக் கொலைகளையும் அந்நிலையிலிருந்தே அறிந்தார். ஆசிய மகாநாடு கூடிய லாகூர் நகரமே அப்பிரிவினையில் எரிந்தது. 1949இல் சென்னை அரசு அவர் தொண்டைப் பாராட்டி ஐயாயிரம் ரூபாய் வழங்கிற்று. 1950இல் கணவரும் மனைவியும் மாறி மாறி எழுதிய தன்வரலாற்று நூல் சென்னையிலேயே வெளிவந்தது. இருவர் சேர்ந்து வாழ்ந்த கதையை இருவரும் சேர்ந்தே சொல்வது என்னும் கருத்தை அதன் பெயரே தாங்கி நின்றது.

1954 மார்ச் 11ஆம் நாள் அம்மையார் அடையாற்றில் காலமானார். ஜேம்ஸ் கசின்ஸ் இரண்டாண்டுகள் தனித்திருந்து, 1956 பிப்ரவரி 20ஆம் நாள் மதனப்பள்ளியில் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1958 பிப்ரவரியில், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் மாதர் கொழும்பு நகரில் ஒன்று கூடினர்.